செஞ்சிப் பாறைகளை யாரும் அடுக்கவில்லை

இம்மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் மலையையும் கல்லையும் பற்றியவை மிகுதியாக இருந்தன. ஆகவே அவற்றுள் ஏழு கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, பக்கம் முழுவதையும் தமிழ்நாட்டு நிலவியலுக்கே ஒதுக்கிவிட்டோம். ஒன்றை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். கீழே 'கோடி ஆண்டு' என்று வரும் இடங்களில் எல்லாம் எண்ணிக்கையில் கோடிதான். உயர்வு நவிற்சி அன்று.

செஞ்சி வழியாகப் போகும்போதெல்லாம், யாரோ பாறைகளைக் கொண்டுவந்து குவித்தது போன்ற குன்றுகளைப் பார்க்கிறேன். இவை எங்கிருந்தோ உருண்டு வந்தவையா, நிலநடுக்கத்தில் சிதறியவையா?
— திண்டிவனம் வாசகர்

இரண்டும் இல்லை. அந்தப் பாறைகளில் பெரும்பாலானவை தாம் தோன்றிய இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சுற்றி இருந்தவைதாம் போய்விட்டன.

செஞ்சிக் குன்றுகளின் கருங்கல், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்குப் பல கிலோமீட்டர் கீழே பாறைக்குழம்பாக இருந்து, மிக மெதுவாக ஆறி இறுகியது. மேலே இருந்த சுமை மழையாலும் ஆற்றாலும் அரிக்கப்பட்டு நீங்க நீங்க, அழுத்தம் தளர்ந்த பாறை சற்றே விரிந்து, குறுக்கும் நெடுக்குமாக விரிசல் கண்டது. கல் உடைப்பவர்கள் இந்த விரிசல்களின் போக்கைப் பார்த்துத்தான் இன்றும் ஆப்பு வைக்கிறார்கள்.

அடுத்த வேலையைத் தண்ணீர் செய்தது. கருங்கல்லில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் தெரியும் மணிகள் பெல்ஸ்பார் என்னும் கனிமம். மழைநீரும் அதில் கரைந்துள்ள கரியமில வாயுவும் பட்டுப்பட்டு அது களிமண்ணாக மாறிவிடும். கண்ணாடித் துண்டு போல் தெரியும் குவார்ட்ஸ் மணிகளோ எளிதில் மாறாமல், பிடிமானம் போனதும் உதிர்ந்து மணலாகின்றன. விரிசல்களால் கட்டம் கட்டமாகப் பிரிந்து, இன்னும் மண்ணுக்கு அடியிலேயே கிடக்கும் ஒரு பாறைத் துண்டை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் முகத்தை நீர் ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்குகிறது. விளிம்பை இரண்டு பக்கங்களிலிருந்தும், மூலையை மூன்று பக்கங்களிலிருந்தும் தாக்குகிறது. எனவே மூலைகள் முதலில் கெட்டு உதிர்கின்றன. கற்கண்டுக் கட்டி வாயில் கிடக்கக் கிடக்க முனை மழுங்கி உருண்டையாவது போலத்தான் இதுவும். கடைசியில், கிணறு வெட்டுபவர்கள் முரம்பு என்று சொல்லும் உதிரிப் பொருளுக்கு நடுவே, கெடாத உருண்டைகள் பதிந்து நிற்கின்றன. பின்னொரு காலத்தில் மழை அந்த முரம்பை அடித்துச் சென்றபோது, உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இறங்கி அமர்ந்தன. அடுக்கி வைத்தது போன்ற தோற்றம் இப்படி வந்ததுதான்.

சாலைக்காக மேட்டை வெட்டிய இடங்களில் இதைப் பாதி நிலையிலேயே காணலாம். உள்ளே கெட்டியான கல்லும், அதைச் சுற்றி வெங்காயத் தோல் போல் உரியும் ஓடுகளும், அதற்கு வெளியே செம்மண்ணுமாக இருக்கும். கோட்டை கட்டியவர்கள் இந்தப் பாறைகளுக்கு இடையில் இருந்த சந்துகளை மட்டும் சுவர் வைத்து அடைத்துக்கொண்டார்கள். பாதி வேலையை மழை முன்பே முடித்துவிட்டிருந்தது.

பல்லாவரம் மலைக் கல்லுக்கு ஒரு வெள்ளைக்காரர் பெயர் இருப்பதாகவும், அது உலகெங்கும் வழங்குவதாகவும் கேள்விப்பட்டேன். உண்மையா? அந்தக் கல்லில் அப்படி என்ன சிறப்பு?
— குரோம்பேட்டை வாசகர்

உண்மைதான். கல்கத்தா நகரத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை, அந்நகரத்துச் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் அதுவும் ஒன்றே என்று கண்டு, இறந்தவர் பெயரால் அதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். அண்டார்க்டிகாவிலோ நார்வேயிலோ இதே வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். பல்லாவரத்தின் பெயரையே வைத்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. பரங்கிமலைப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்று.

சிறப்பு என்னவென்றால், அந்தப் பாறை இங்கே இருக்க வேண்டியதே அன்று. சார்னோக்கைட்டில் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் உண்டு. ஏறத்தாழ 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் மிகுந்த அழுத்தமும் இருந்து, தண்ணீர் மட்டும் அநேகமாக இல்லாத சூழலில்தான் அது கருங்கல் வகைப் பாறைக்குள் உருவாகும். தண்ணீர் இருந்தால் அதற்குப் பதிலாகக் கருப்பு அபிரகம் போன்ற வேறு கனிமங்கள் தோன்றிவிடும். அத்தகைய சூழல் புவியின் மேலோட்டுக்குள் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் அமைகிறது. ஆக, பரங்கிமலைப் படியில் ஏறும் ஒருவர் கால் வைப்பது ஒரு காலத்தில் தரைக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழே இருந்த பொருளின் மேல்.

அது எப்படி மேலே வந்தது? சுமை ஏற்றிய பரிசலிலிருந்து ஒவ்வொரு மூட்டையாக இறக்கினால் பரிசல் சிறிது சிறிதாக மேலெழும் அல்லவா? புவியின் மேலோடும், தனக்கு அடியில் இருக்கும் அடர்த்தி மிகுந்த பகுதியின் மேல் ஏறக்குறைய அப்படித்தான் மிதக்கிறது. மேலே அரிபட்டால் கீழிருப்பது எழும். எழுந்தது மறுபடியும் அரிபடும். 250 கோடி ஆண்டுகளில் 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு வரும். ஆனால் இது வெறும் சராசரிதான். வேலை ஒரே சீராக நடக்கவில்லை. ஆந்திரத்துக் கடப்பைப் படுகையில், ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழைய கருங்கல் தளத்தின்மேல் மணலும் சேறும் படியத் தொடங்கிவிட்டன. அப்படியானால் அந்தத் தளம் அதற்கு முன்பே வெளியே வந்திருக்க வேண்டும். தென்னிந்தியாவின் வடபாதியில் பெரும் அரிப்பு மிகப் பழங்காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. நம் அடுக்களைகளில் தட்டாகவும் மேடையாகவும் இருக்கும் கடப்பைக் கல் அந்தப் படுகையிலிருந்து வருவதுதான்.

திருவண்ணாமலை ஓர் அணைந்த எரிமலை என்று பலரும் சொல்கிறார்கள். அக்கினித் தலம் என்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
— போளூர் வாசகர்

தலத்தின் பெருமை வேறு, பாறையின் வரலாறு வேறு. எரிமலையிலிருந்து வெளியே வழிந்த குழம்பு காற்றுப் பட்டு விரைந்து ஆறுவதால், அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருக்கும். அண்ணாமலையின் பாறையிலோ மணிகளை வெறுங்கண்ணால் பார்க்க முடிகிறது. அது ஆழத்தில் மெதுவாக உருவான பாறை. செஞ்சிக்கும் பல்லாவரத்துக்கும் உறவுக்காரன். மலையில் எரிமலை வாயும் இல்லை, சாம்பல் படிவும் இல்லை.

அந்த வட்டாரத்தில் நெருப்பின் தடயம் வேறு விதமாக இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் வெளிர்நிறக் கருங்கல்லைப் பிளந்துகொண்டு கன்னங்கரேலென்று ஓடும் பாறைச் சுவர்களைக் காணலாம். பழைய விரிசல்களுக்குள் ஆழத்திலிருந்து ஏறிய குழம்பு அங்கேயே உறைந்து உண்டான டோலரைட் பாறை அது. வணிகர்கள் அதைக் கருப்பு கிரானைட் என்று விற்கிறார்கள். உண்மையில் அது கிரானைட்டே அன்று.

இமயமலை போல நீலகிரியும் நிலத்தட்டுகள் மோதி எழுந்ததா? அப்படியானால் நடுவில் பாலக்காட்டில் மட்டும் ஏன் மலை இல்லை?
— பொள்ளாச்சி வாசகர்

இமயமலை எழுந்தது, இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவோடு மோதியதால். அந்த மோதல் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்னும் முடியவில்லை. நீலகிரியின் கதை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. அதன் பாறை 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. ஆனால் இன்றைய உயரத்துக்குக் காரணம் மோதல் அன்று, பிரிவு. கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உடைந்தபோது, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மேற்கு ஓரத்திலிருந்து மடகாஸ்கர் விலகியது, ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் செய்செல்ஸ் விலகியது. கண்டம் கிழியும் இடத்தில் ஓரங்கள் உயர்ந்து நிற்பது வழக்கம். அப்படி உயர்ந்த ஓரத்தைக் கடல் பக்கத்திலிருந்து ஆறுகள் அரித்துக்கொண்டே வர, செங்குத்துச் சரிவு சிறிது சிறிதாக உள்நோக்கி நகர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சரிவின் விளிம்புதான். கோவா பக்கத்திலிருந்து ஏறிப் பார்த்தால் மலையாகவும், பெல்காம் பக்கத்திலிருந்து பார்த்தால் மேட்டு நிலத்தின் ஓரமாகவும் அது தெரிவதற்குக் காரணம் இதுவே.

நீலகிரியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வடக்கே மாயாற்றை ஒட்டியும் தெற்கே பவானியை ஒட்டியும், பாறைகள் ஒன்றையொன்று உரசி நொறுங்கிய பழைய பெயர்ச்சி மண்டலங்கள் ஓடுகின்றன. நொறுங்கிய பாறையை ஆறு எளிதில் அறுத்துவிட்டது. நடுவில் இருந்த கெட்டியான சார்னோக்கைட் பாளம் நின்றுவிட்டது. மேட்டுப்பாளையத்துச் சமவெளியிலிருந்து 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா வரை அவ்வளவு குறுகிய தொலைவில் ஏற வேண்டியிருப்பது இதனால்தான். ஏறி முடித்த பிறகு கூரிய சிகரங்களைத் தேடினால் கிடைக்காது. உதகையைச் சுற்றி இருப்பவை உருண்ட புல்மேடுகள். அவை நெடுங்காலம் அரிபட்ட ஒரு பழைய நிலப்பரப்பின் எச்சம். பாறை மக்கி உண்டான மண் அங்கே பல மீட்டர் கனத்துக்கு மூடிக் கிடக்கிறது. 2009 நவம்பரில் பெருமழையில் அத்தனை இடங்களில் சரிந்தது இந்த மண்தான். வீடும் சாலையும் கட்டுவதற்காக அதன் அடியை வெட்டிவிட்டு மழையின்மேல் பழியைப் போடுவது நியாயம் அன்று.

பாலக்காட்டுக் கணவாயும் இதே வகையில் விளங்கக் கூடியதே. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரே இல்லாமல் போன அந்த இடம், காவிரி வரை நீளும் ஒரு பெரிய பெயர்ச்சி மண்டலத்தின் மேல் அமைந்திருக்கிறது. அதற்கு வடக்கே உள்ள சார்னோக்கைட்டுகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்தவை. தெற்கே, கொடைக்கானல், மதுரைப் பக்கத்துப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா ஒன்றுசேர்ந்த காலத்தில் மறுபடியும் வெந்தவை. ஆக, பொள்ளாச்சிக்காரர் இரண்டு பழைய நிலத்துண்டுகளின் தையலுக்கு அருகே குடியிருக்கிறார். நலிந்த பாறையைப் பாரதப்புழையும் பிற ஆறுகளும் தின்று தீர்த்தன என்பது பலர் ஏற்கும் விளக்கம். நிலம் அங்கே தாழ்ந்து இறங்கியதும் காரணம் என்பார் உளர். எப்படியானாலும், ஆடியில் கோவைக்கு வரும் குளிர்ந்த காற்று அந்த நலிந்த பாறை தந்த கொடைதான்.

எங்கள் காட்டில் உழும்போது நத்தைபோல் சுருண்ட கல் கிடைத்தது. சாளக்கிராமம் என்று பூசையறையில் வைத்திருக்கிறோம். கடல் இல்லாத ஊரில் நத்தை எப்படி?
— அரியலூர் வாசகர்

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் உங்கள் கல்லும் அம்மோனைட் என்னும் ஒரே குலத்து உயிரின் எச்சங்கள். நத்தை போல் தோன்றினாலும், அது கணவாய் மீனுக்கு உறவான கடல் உயிர், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே பேரழிவில் அதன் வமிசமும் முடிந்தது. உங்கள் கல்லின் வயது கண்டகிக் கல்லைவிடக் குறைவாகவே இருக்கும். அதற்காகப் பூசையறையிலிருந்து எடுத்துவிட வேண்டியதில்லை.

கடல் இல்லாத ஊர் என்கிறீர்கள். கடல் இருந்தது. கோண்டுவானா உடைந்தபோது இந்தியாவின் கிழக்கு ஓரம் அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்தது. அது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தக் கிழிசலில் கருங்கல் தளம் பாளம் பாளமாக உடைந்து, சில கீழே இறங்கின, சில மேலே நின்றன. இறங்கிய பள்ளங்களே காவிரிப் படுகை. பின்னர் கடல் அதற்குள் புகுந்து, இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் வரை வந்து, பலமுறை ஏறியும் இறங்கியும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கியிருந்தது.

அந்தக் கடல் எழுதி வைத்ததை இன்றும் படிக்கலாம். படிவுகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பழைய காலத்திலிருந்து புதிய காலத்துக்கு வரலாம். மேற்கே கல்லக்குடியில் இருப்பது பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய சுண்ணாம்புக்கல். வெதுவெதுப்பான, ஆழமில்லாத, தெளிந்த கடலில்தான் அது வளரும். காரை என்னும் ஊருக்கு அருகே, மழை வாய்க்கால் வாய்க்காலாக அறுத்த பொட்டல் களிமண் மேடுகளில் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. சற்று ஆழமான கடலில் அடங்கிப் படிந்த சேறு அது. கருடமங்கலத்தில் சிப்பிகள் நெருங்கிக் கிடக்கும் கல்லை மெருகிட்டு 'திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்' என்று விற்றதுண்டு. அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியில், உள்ளங்கையை நிறைக்கும் தடித்த சிப்பிகள் படை படையாகக் குவிந்திருக்கின்றன. அந்தச் சிப்பிதான் சிமெண்டு ஆலைகளுக்குப் போகிறது. நம்மில் பலருடைய வீட்டுச் சுவரில் இந்தக் கடலின் ஒரு பகுதி இருக்கிறது. இன்னும் கிழக்கே நின்னியூரில், அம்மோனைட்டுகள் அழிந்த பிறகு படிந்த அடுக்குகள் தொடங்கிவிடுகின்றன.

இந்த அடுக்குகளை முதலில் முறையாக வரைபடமாக்கியவர் எச். எப். பிளான்போர்ட், அவருடைய அறிக்கை 1862இல் வெளிவந்தது. கடல் படிவுக்குள் மரமும் உண்டு. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரத்தை 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து தெரிவித்தார். கரையிலிருந்து வெள்ளம் இழுத்து வந்து கடலில் சேர்த்து, சேற்றில் மூழ்கடித்த மரம் அது.

இன்னும் ஒன்று. செஞ்சியும் பல்லாவரமும் நீலகிரியும் இழந்த பொருள் எங்கே போயிற்று என்று ஒருவர் கேட்டால், அதில் ஒரு பங்குக்கு இங்கேதான் விடை இருக்கிறது. கிழக்கே தஞ்சை, நாகைப் பக்கம் போகப் போகப் படிவுகள் தடித்து, சில இடங்களில் 5 கிலோமீட்டரையும் தாண்டுகின்றன. நரிமணத்தில் எண்ணெய் எடுப்பது அந்தப் படிவுகளிலிருந்துதான். டெல்டாவின் மேல்மண் அந்தக் கனத்த அடுக்கின் கடைசித் தாள் மட்டுமே.

திருவக்கரைக் கல்மரங்கள் அங்கேயே வளர்ந்தவையா?
— வானூர் வாசகர்

இல்லை என்றே கொள்ள வேண்டும். அந்த அடிமரங்களில் கிளையும் வேரும் காணப்படவில்லை. நின்ற நிலையில் ஒன்றும் இல்லை, எல்லாம் படுத்தே கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளத்தில் மிதந்து வந்து ஆற்றுமணலில் புதைந்தவை அவை. மணலுக்குள் ஊறிய நீரில் இருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் புகுந்து கல்லாக்கியது; ஆகையால் வளையங்கள்கூட அழியாமல் தெரிகின்றன. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781இலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். போகிறவர்கள் தயவுசெய்து துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

குமரிக்கண்டம் இருந்ததா, இல்லையா? நிலவியல் என்ன சொல்கிறது? மழுப்பாமல் சொல்லுங்கள்.
— நாகர்கோவில் வாசகர்

மழுப்பாமலே சொல்லலாம். கண்டம் என்ற அளவில் இல்லை.

குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரை 1864இல் முன்வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். குரங்குக்கு உறவான லெமூர் குலத்து விலங்குகளின் தடயம் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருக்கிறதே, இரண்டுக்கும் நடுவில் நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கண்டங்கள் நகரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நகரும் என்று தெரிந்த பிறகு, மூழ்கிய நிலம் தேவைப்படவில்லை. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து பிரிந்தவை. மேலும் கண்டத்தின் மேலோடு 35 கிலோமீட்டர் அளவுக்குத் தடித்த, இலகுவான கருங்கல் வகையால் ஆனது. கடலடி ஓடு ஏறத்தாழ 7 கிலோமீட்டரே கனமுள்ள, அடர்த்தி மிகுந்த, பசால்ட் என்னும் கரும்பாறை. தக்கைக் கட்டை தண்ணீரில் முழுகிப் போகாதது போலக் கண்டமும் அப்படியே அடியில் போய்விடாது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் தரையில் இருப்பது அந்தக் கரும்பாறைதான்.

ஆனால் கரையோர நிலத்தைக் கடல் கொண்டது என்பது முழுக்க வேறு செய்தி, அது நடந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகின் நீரில் பெரும்பங்கு பனியாக உறைந்திருந்ததால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதிக்கு 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. எனவே அன்று தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். குமரிக்குத் தெற்கே மீனவர்கள் நன்கறிந்த வாட்ஜ் திட்டின் ஆழம் குறைந்த பகுதிகளும் தரையாக இருந்தன. பனி உருக உருகக் கடல் ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலையை நெருங்கியது. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்னும் மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வதை, இப்படி இழந்த கரையின் நினைவு என்று ஒருவர் கருதினால் நிலவியல் அதை மறுக்காது, நிறுவவும் செய்யாது.

ஏறிய கடல் சற்று மிகுதியாகவே ஏறிப் பின்பு சிறிது இறங்கியது என்பதற்கும் சான்று இருக்கிறது. இராமேசுவரம் தீவில் பாம்பன் பக்கத்துக் கரையில், இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே, இறந்துபோன பவளத்திட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. நீருக்குள் மட்டுமே வளரும் உயிர் கட்டிய பாறை அது. நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் அதன் மேல் நடந்து பார்க்கலாம். செருப்புப் போட்டுக்கொண்டு போவது நல்லது.